மகன் பெயரில் ஓர் உடைந்த கை

1

போன புதன்கிழமை எங்கள் வீட்டுக்காரருடைய ஆஸ்பத்திரிப் பதிவுகளின் நகல் தபாலில் வந்தது. பதினோரு பக்கம். கேட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு தாளில் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், அவ்வளவுதான். சம்மன் இல்லை, வாய்தா இல்லை, ‘நாளைக்கு வாங்க’ இல்லை.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில் மகள் ஜெசிந்தா வீட்டில் இருக்கிறோம். அவள் இங்கே நர்ஸ். நாங்கள் வந்து ஐந்து வருடம் ஆகிறது. குளிர் ஏறினால் அவருக்கு வலது கை குடையும். மணிக்கட்டுக்கு மேலே பழைய முறிவு. அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்தோம். படம் எடுத்தவர்கள் என்ன எழுதிவைத்தார்கள் என்று பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். பேத்தி அனிதாதான் வாசித்துச் சொன்னாள்.

“அம்மாச்சி, நீங்க தாத்தாவோட டெனன்ட்னு போட்டிருக்கு.”

“அப்படின்னா?”

“அவர் வீட்டுல வாடகைக்கு இருக்கீங்க.”

வரவேற்பில் இருந்த பெண், ‘இவர் உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று இங்கிலீஷில் கேட்டாள். வீட்டுக்காரர் என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ‘ஹவுஸ் ஓனர்’ என்று சொல்லிவிட்டேன். அவளும் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். அனிதா சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள். அவரும் விடவில்லை.

“அப்பச் சரி. அடுத்த மாசம் வீட்டக் காலி பண்ணிரு புள்ள.”

நான் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், அந்தக் கட்டத்தில் ‘மனைவி’ என்று திருத்தி எழுத வைத்துவிட்டுத்தான் வந்தேன். அந்தப் பெண் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள். இரவுப் பணி முடிந்து வந்த ஜெசிந்தா கேட்டாள்:

“இதுக்கா ரெண்டு பஸ் மாறிப் போனீங்க? ஒரு போன் பண்ணாப் போதாதாம்மா?”

போதும்தான். ஆனால் ஆஸ்பத்திரித் தாளில் ஒரு வார்த்தை மாறிப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அது ஜெசிந்தாவுக்கும் தெரியும், அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அனிதாவுக்குத் தெரியாது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

2

சேவுகம்பட்டிக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை இருந்தது. பக்கத்திலேயே என் கொழுந்தனார் மிக்கேலின் சம்பங்கித் தோட்டம். கிணறு ஒன்று. என் மாமனார் வெட்டியது. அண்ணன் தம்பி இருவருக்கும் நாள் வைத்து முறைத் தண்ணீர்.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. எங்கள் முறையில் மிக்கேல் இரண்டு மணி நேரம் மோட்டாரைப் போட்டுக்கொண்டார் என்று இவருக்குக் கோபம். மாதா கோயில் அசன விருந்தில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, “ஏலே, இன்னொருக்கா சுவிட்சுல கைய வச்ச, அந்தக் கைய வெட்டிருவேன்” என்று சொல்லிவிட்டார். கோழியைக்கூட வெட்டத் தெரியாத மனுஷன். ஆனாலும் ஊரே கேட்டுவிட்டது.

அதற்கு மூன்று வாரம் கழித்து, விடிவதற்கு முன், மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. அடியில் இருக்கும் வால்வில் குப்பை அடைத்திருக்கும் என்று கிணற்றுப் படியில் இறங்கினார். பாசி வழுக்கியது. நான் மேலே பூக்கூடையோடு நின்றேன். சத்தம் கேட்டு இறங்கிப் போனால், வலது கை முழங்கைக்குக் கீழே வளைந்து தொங்குகிறது.

எங்கள் சித்தப்பா மகன் பூ ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வண்டி எடுப்பான். ரோட்டில் மறித்து, கூடைகளுக்கு நடுவே அவரை உட்கார வைத்தோம். ஊர் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் போனது யாருக்கும் தெரியாது.

3

திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னல். எனக்குப் பின்னால் இருபது பேர். அவர் தூரத்தில் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

“பேரு?” என்றார் சீட்டு எழுதுகிறவர்.

நான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஒங்க பேரு இல்லம்மா, நோயாளி பேரு.”

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ‘இவுக’ என்போம், ‘பெரியவன் அப்பா’ என்போம். மாதாவிடம் முழந்தாள்படியிட்டு வேண்டும்போதுகூட ‘இவுகளக் காப்பாத்து தாயே’ என்றுதான் வேண்டியிருக்கிறேன். மாதாவுக்கு அது யார் என்று தெரியும். சீட்டு எழுதுகிறவருக்குத் தெரியாது.

“பேரில்லாம வந்த ஆளுன்னு எழுதிரவா?” என்றார். பின்னால் இருந்த ஒருத்தி, “இந்தாம்மா, சொல்லித் தொலை, எம்புள்ளைக்குக் காச்ச அனலாக் கொதிக்குது” என்றாள்.

“ஆரோக்கியம்” என்று சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியம் எங்கள் மகன். இருபது வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மகன் பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், குற்றமில்லை. எங்கள் வீட்டு ஆம்பிளைப் பெயர்தானே என்று அந்த நேரத்தில் தோன்றியது. வயதை மட்டும் சரியாக, நாற்பத்தெட்டு என்று சொன்னேன்.

உள்ளே ஒரு டாக்டரம்மா பார்த்தார். அடிபட்டு வருகிறவர்களுக்கென்று ஒரு பெரிய ரிஜிஸ்டர் உண்டு. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார், எப்படி அடிபட்டது, என்ன காயம் என்றெல்லாம் அதில் எழுதினார். இவர் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பைப் பார்த்து இன்னும் ஏதோ இரண்டு வரி எழுதினார். சுவரில் கடிகாரம் ஏழே முக்கால் காட்டியது. பிறகு படம் எடுத்து, மாவுக்கட்டுப் போட்டு, வார்டில் படுக்க வைத்தார்கள்.

மூன்று நாள் அவர் ஆரோக்கியமாகவே இருந்தார். “ஆரோக்கியம், ஊசி” என்று நர்ஸ் கூப்பிட்டால் இடது கையை நீட்டுவார். எனக்கு உறுத்தியது.

“மாத்தி எழுதச் சொல்லுவமா?” என்று கேட்டேன்.

“சும்மா கெட புள்ள. மறுபடி அந்த வரிசையில போயி நிக்கணும். ஒடஞ்சது எங் கையி. பேரு எதுவா இருந்தா என்ன?”

4

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தால் வாசலில் போலீஸ்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அதே நாள் காலை பத்து மணிக்கு, இவர் தோட்டத்தில் வைத்து வலது கையால் அரிவாளை ஓங்கி மிக்கேலின் தலையில் வெட்டினார் என்று புகார். இவர் கையில் மாவுக்கட்டைப் பார்த்ததும், வெட்டிவிட்டு ஓடும்போது வரப்பில் விழுந்து உடைந்தது என்று அதற்கு ஒரு வால் சேர்த்தார்கள். மிக்கேல் தலையில் கட்டு இருந்தது. வத்தலக்குண்டில் ஒரு தனியார் டாக்டர் தையல் போட்டுக் கொடுத்த சான்றிதழும் இருந்தது. அசனத்தில் இவர் பேசிய பேச்சுக்குச் சாட்சி சொல்ல முப்பது பேர் இருந்தார்கள்.

நான் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினேன். “ஐயா, காலையிலேயே நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம்.”

ஏட்டு வாங்கிப் பார்த்தார்.

“இது ஆரோக்கியம் சீட்டு. ஒம் புருஷன் சவரிமுத்து. மகன் சீட்டக் காட்டி எனக்கே காது குத்துறியாம்மா?”

அந்த இடத்தில்தான் என் வாய் செய்த வேலை எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு சொல். அதனால் கட்டுப் போட்ட கையோடு இவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜாமீனில் எடுக்கப் பத்து நாள் ஆனது. கேஸ் நிரூபணமானால் ஜெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். வெட்டினவன் பெண்டாட்டி என்று என்னைச் சொல்வது இருக்கட்டும், வெட்டினவன் மகள் என்று ஜெசிந்தாவைச் சொன்னார்கள்.

என் மேல் அவர் ஒரு சொல் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். என் வாயால் கெட்டதை நானே சரி செய்வது.

5

இங்கே எதிர்வீட்டு மார்கரெட் அம்மாள் தன் புருஷனை ‘பாப்’ என்று தெரு முனையிலிருந்து கூப்பிடுவாள். அவரும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுவார். வந்த புதிதில் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. கதவை மூடிக்கொள்வேன்.

அனிதா என்னிடம், “அம்மாச்சி, நேம் சொன்னா என்ன ஆகும்?” என்று கேட்டாள். அவர் ஆயுள் குறையும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள் என்றேன். “பாப்புக்கு எண்பத்தாறு” என்றாள். அவள் இங்கே பிறந்தவள். எங்கள் தமிழில் பாதி அவளுக்கு எட்டவில்லை. முறைத் தண்ணீர் என்றால் என்ன என்று சொல்லவே எனக்கு ஒரு மதியம் ஆனது. குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீருக்கு அண்ணன் தம்பி எதற்குக் கோர்ட்டுக்குப் போனார்கள் என்று கேட்கிறாள்.

ஆனால் கோர்ட்டுக் கதை என்றதும் காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

6

திண்டுக்கல்லில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். வயதானவர், எதையும் மெதுவாகப் பேசுவார்.

“நேரந்தாம்மா இந்தக் கேசே. பத்து மணிக்கு முந்தியே கை ஒடஞ்சிருச்சுன்னு காட்டிட்டாப் போதும். ஒடஞ்ச கையில எவனும் அரிவாள் புடிக்க முடியாது.”

“வண்டி ஓட்டுன என் தம்பி சாட்சி சொல்லுவான் சார்.”

“ஒங்க தம்பி ஒங்களுக்குத்தான சொல்லுவான்னு ஒரே கேள்வியில ஒதுக்கிருவாங்க. ரிஜிஸ்டர் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல. அத வரவைக்கணும்.”

ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு நானே போனேன். பழைய காகிதங்களுக்கு நடுவே ஒரு கிளார்க் உட்கார்ந்திருந்தார்.

“நோயாளி வந்து எழுதிக் கொடுக்கணும்மா.”

இவரைக் கூட்டிப் போனேன். பெயர் கேட்டார். சொன்னார்.

“இவரு சவரிமுத்து. எங்கிட்ட இருக்குறது ஆரோக்கியம். ஆரோக்கியத்தக் கூட்டியாங்க.”

திருப்பூருக்கு ஆள் விட்டு ஆரோக்கியத்தை வரவழைத்துக் கூட்டிப் போனேன். கிளார்க் அவனை மேலும் கீழும் பார்த்தார். ரிஜிஸ்டரையும் பார்த்தார்.

“தம்பிக்கு என்ன வயசு?”

“இருபதுங்க சார்.”

“இதுல நாப்பத்தெட்டு. கைய நீட்டு. ஒடஞ்ச மாதிரியும் தெரியல. அம்மா, அடுத்து யாரக் கூட்டிட்டு வரப் போறீங்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எங்க வீட்டுலயும் அப்படித்தான், எம்பேரச் சொல்லாது. ஆனா நான் தப்பான ஆளுக்கு நகல் கொடுத்தா வேலை போயிரும்மா. கோர்ட்டு கேட்டா ரிஜிஸ்டரையே தூக்கியாந்து வச்சிருவேன். இந்தாங்க, வார்டு நம்பரு, பதிவு நம்பரு. இத மட்டும் எழுதிக்கங்க. வக்கீலுட்டக் குடுங்க. பேரு மாறும், நம்பரு மாறாது.”

அந்த மனுஷன் நல்லா இருக்க வேண்டும். எண்ணை என் கையாலேயே எழுதிக்கொண்டேன்.

வக்கீல் அதை வாங்கிக்கொண்டு யோசித்தார். பிறகு இவரிடம் கேட்டார்: “அந்த ரிஜிஸ்டர்ல ரெண்டு அங்க அடையாளம் எழுதியிருப்பாங்க. ஒங்க ஒடம்புல மச்சம், தழும்பு என்னென்ன இருக்கு?”

“மச்சமா? எனக்கு என்ன சார் தெரியும்? முதுக நான் எங்க பாத்தேன்?”

எனக்குத் தெரியும். முகம் சுட்டது. நான் தரையைப் பார்த்தேன். கூட வந்திருந்த ஜெசிந்தா, “அம்மாவக் கேளுங்க சார்” என்றாள். அவளைக் கிள்ளினேன். வக்கீல் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் ஜெசிந்தா காதில் சொன்னேன், அவள் சத்தமாகச் சொன்னாள்.

“இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழ, ஒரு மிளகு பருமன் கருப்பு மச்சம். வலது கணுக்கால் உள்பக்கம், சுடுதண்ணி கொட்டுன தழும்பு.”

வக்கீல் திரும்பினார். “இத நான் மனுவுலேயே எழுதுறேன். ரிஜிஸ்டர இதுவரைக்கும் நம்மாள் யாரும் தொறந்து பாக்கல. அது கோர்ட்டுக்கு வரதுக்கு முன்னாடியே அதுல என்ன இருக்கும்னு இந்தம்மா சொல்லியாச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?”

மனு போட்டு, அது அனுமதியாகி, டாக்டரம்மாவுக்குச் சம்மன் போக எட்டு மாதம். அவர் பழனிப் பக்கம் மாறுதலாகிப் போயிருந்தார். இரண்டு வாய்தா அவர் வர முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பூப் பறித்துப் போட்டுவிட்டு முதல் பஸ் பிடித்துப் போவோம். மிக்கேலும் அதே பஸ்ஸில் வருவார். அவர் முன்னால், நாங்கள் பின்னால்.

7

எங்கள் தரப்பில் முதல் சாட்சி நான்.

கூண்டில் ஏறினேன். பிடிக்க ஒரு கம்பி இருந்தது, பிடித்துக்கொண்டேன். எதிர்க் கூண்டில் இவர். பெஞ்சில் மிக்கேல், பக்கத்தில் என் ஓரகத்தி. வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

“ரிஜிஸ்டர்ல ஆரோக்கியம்னு இருக்கு. ஆரோக்கியம் ஒங்க மகன்தான?”

“ஆமாங்க.”

“அப்ப அன்னிக்கு மகனத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க.”

“இல்லீங்க. இவுகளத்தான்.”

“மச்சத்தப் பத்தி மனுவுல சொல்லியிருக்கீங்க. யார் சொல்லிக் கொடுத்தா?”

“யாரும் சொல்லிக் குடுக்கலங்க. இருபத்திநாலு வருசமா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முதுகு தேச்சு விடுறவ நானு.”

கோர்ட்டில் சிரிப்பு. நான் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஏன் என்று தெரியாது.

“பின்ன ஏன் புருஷன் பேரச் சொல்லாம மகன் பேரச் சொன்னீங்க?”

“இவுக பேர நான் சொல்றதில்லங்க.”

“ஒரு தடவகூடச் சொன்னதில்லையா?”

“இல்லீங்க.”

“சரி, இப்பச் சொல்லுங்க. கோர்ட்டு எழுதணும்.”

நான் மாஜிஸ்திரேட் ஐயாவைப் பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். வக்கீலைப் பார்த்தேன், அவர் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டார். என் ஓரகத்தி வாயில் கையை வைத்தாள். அந்த ஜன்னலில் ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கூண்டுக்கே வந்திருக்க வேண்டாம்.

“சவரிமுத்து” என்றேன்.

“என்ன?” என்றார் இவர், எதிர்க் கூண்டிலிருந்து.

வேண்டுமென்று செய்யவில்லை. பெயரைக் கூப்பிட்டால் எவரும் கேட்பதுதான். சாட்சி கூப்பிடும் டவாலிகூடச் சிரித்துவிட்டார். மாஜிஸ்திரேட் ஐயா மட்டும் பேனாவை எடுத்து எழுதினார். அரசு வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

அடுத்து டாக்டரம்மா. பதிவறைக் கிளார்க் ரிஜிஸ்டரைத் துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவிழ்த்து, நாள் பார்த்து, எண் பார்த்துத் திறந்தார்கள்.

“இவரை ஞாபகம் இருக்கா?” என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

“இல்லீங்க. ஒரு நாளைக்கு எத்தன பேருங்க. ஆனா எழுத்து என்னோடதுதானுங்க.”

“நேரம்?”

“காலைல ஏழே முக்கால்னு எழுதியிருக்கறனுங்க. கிணத்துப் படியில வழுக்கி விழுந்ததாச் சொன்னாங்க. வலது முன்கையில ரெண்டு எலும்பும் முறிவு.”

“பேர் வேறயா இருக்கே. அப்ப இந்தப் பதிவு மொத்தமும் தப்புத்தான?” என்றார் அரசு வக்கீல்.

“அப்படியில்லீங்க. பேருங்கறது கூட வந்தவங்க சொல்றது. மச்சம் நாங்க கண்ணால பாத்து எழுதறதுங்க.”

மாஜிஸ்திரேட் ஐயா ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து வாசித்தார். எங்கள் மனுவையும் எடுத்து வாசித்தார். பிறகு இவரையும் டாக்டரம்மாவையும் இரண்டு வக்கீல்களையும் தன் அறைக்கு வரச் சொன்னார். நான் வெளியே நின்றேன். கதவு மூடியிருந்த நேரம் பத்து நிமிஷம் இருக்காது. இவர் சட்டைப் பொத்தானை இடது கையால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“என்னாச்சு?” என்றேன்.

“ஒருத்தர் மாத்தி ஒருத்தர் முதுகப் பாக்குறாக. கணுக்காலப் பாக்குறாக. அப்பறம் அந்த டாக்டரம்மா ஒரு ஸ்கேல வச்சு அளந்துச்சு. சரியா இருக்குன்னுச்சு. அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தான். இரண்டு வருடம் எங்களை அலைக்கழித்தது அதில் தீர்ந்தது.

8

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து. விடுதலை என்று வாசித்ததும் இவருக்குப் புரியவில்லை. கூண்டிலேயே நின்றார். டவாலிதான், “எறங்கி வாய்யா, வீட்டுக்குப் போ” என்றார். பெயர் மாறியதற்கு நான் சொன்ன காரணம் நம்பத்தக்கது என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்ததாக வக்கீல் சொன்னார். நகல் வந்ததும் அந்த வரியை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னேன். பெண்கள் சொல்வதைக் கோர்ட் எழுதிவைக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

பஸ் நிலையத்தில் எங்கள் ஊர்ப் பஸ்ஸுக்கு நின்றோம். அந்த நேரத்துக்கு அது ஒன்றுதான். மிக்கேலும் அங்கேதான் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகு வந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“மதினி, ஒரு நாளும் அண்ணன் பேரச் சொல்லாத ஆளு. என்னால அத்தன பேரு முன்னாடி சொல்ல வேண்டியதாப் போச்சு. அது எனக்கு மனசு ஆறல.”

சவரிமுத்து திரும்பினார். “ஏலே, என்னைய ஜெயில்ல தள்ளப் பாத்தது ஒனக்கு மனசு ஆறிருச்சு. அவ எம்பேரச் சொன்னதுதான் ஆறலயோ?”

சண்டை வந்துவிடும் என்று தோன்றியது. நான் இடையில் போய் நின்றேன். முன்பு அப்படிச் செய்யமாட்டேன்.

“மிக்கேலு, நான் பேரச் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. பத்து மணிக்கு ஒந்தலையில அந்தக் காயம் எப்படி வந்துச்சு?”

பஸ் நிலையத்து இரைச்சலில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

“பிராந்திக் கடைப் படியில விழுந்தேன் மதினி. தகரத்துல கிழிச்சிருச்சு. தையல் போடுற டாக்டரு எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. பக்கத்துல எம் பொண்டாட்டி நிக்கிறா. காலைலேயே குடிச்சிட்டு விழுந்தேன்னு எப்படிச் சொல்ல? அண்ணன் வெட்டிட்டாருன்னு வாயில வந்துருச்சு. அவரு எழுதிட்டாரு. எழுதுனதப் பாத்துப் போலீசு வந்துருச்சு. அப்பறம் எங்கிட்டுத் திரும்ப?”

“அந்த டாக்டருட்ட உள்ளதச் சொல்லியிருக்கலாம்ல?”

“வெக்கமா இருந்துச்சு மதினி.”

ஒரு ஜன்னல் முன்னால் நான் வெட்கப்பட்டேன். ஒரு டாக்டர் முன்னால் அவர் வெட்கப்பட்டார். இரண்டு வெட்கத்தையும் இரண்டு தாளில் எழுதிக்கொண்டார்கள், நடுவில் இவர் கூண்டில் நின்றார். ஆனால் என்னுடையதை நான் கோர்ட்டில் சத்தம் போட்டுச் சொல்லித் தீர்த்துவிட்டேன். அவருடையது இன்னும் அவரிடமேதான் இருந்தது.

பஸ் வந்து நின்றது. ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ஏற நின்றார்கள். அசனத்தன்று பந்தியில் இருந்தவர்கள்தான். என் கொழுந்தனாரின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“இப்பச் சொன்னத அவுகளுக்கும் கேக்குறாப்புல இன்னொருக்கா சொல்லிட்டு ஏறு.”

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். சவரிமுத்து பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து நின்றார், கண்டக்டர் விசில் ஊதிவிடாதபடிக்கு.

மிக்கேல் சொன்னார்.